மூலநிரலைப் புதுப்பித்தல்: முறைத்தேர்வும் உடைமையுறவும்

கணனியின் பணிசெயல் முறைமையொன்றின் மூலநிரலை எம்முறையாற் காலத்துக்குக் காலம் புதுப்பித்துக்கொள்வது என்னும் வினா, தொழினுட்பக் கைந்நூல்களுக்கு மட்டுமே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. வேகமும் வசதியுமே அங்கு அளவுகோல்கள். ஆயின் இம்முறைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பொருளியல் நிலைமைகளிலும் உடைமையுறவுகளிலும் வேரூன்றியிருத்தலைக் காண்கின்றோம்.

பேர்க்லிப் பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் மரபிலிருந்து 1993 இல் தோன்றிய பிறீபிஎஸ்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் மூலநிரல் சிவிஎஸ் என்னும் கருவியின் துணையுடன் மையக் களஞ்சியமொன்றிற் பேணப்பட்டது. நல்ல இணைய இணைப்பு உடையோர், ஜோன் போல்ஸ்ரா ஆக்கிய சிவிஎஸ்அப் மூலம், மாறிய பகுதிகளை மட்டும் விரைந்து பெற்றனர். அவ்வாய்ப்பு அற்றோருக்குப் போல்-ஹெனிங் கம்ப் உருவாக்கிய சிரிஎம் இருந்தது. மாற்றங்கள் எண்ணிடப்பட்டு மின்னஞ்சலில் வந்தன. வரிசை தவறாது அவற்றைப் பொருத்துதல் பயனரின் பணி. ஆகவே, தேர்வு எனப்பட்டது பெருமளவுக்கு இணைப்பின் தரத்தாலும் செலவாலும் வரையறுக்கப்பட்டதொன்றேயாம்.

1991 இல் தொடங்கிய லினக்சின் வரலாறு இன்னொரு முரண்பாட்டைத் தெளிவாக்குகின்றது. 2002 இல் லினஸ் ரோவால்ட்ஸ், பிற்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவியை ஏற்றார். கட்டணமின்றி வழங்கப்பட்ட அதன் உரிமம், போட்டிக் கருவி ஆக்குவோர் அதனைப் பயன்படுத்தலாகாதென விதித்தது. 2005 இல் அவ்விலவச உரிமம் மீளப்பெறப்பட்டது. கூட்டுழைப்பின் விளைபொருள் பொதுவாயிருந்தும் உழைப்பின் கருவி பிறர் கையில் இருந்தமை அப்போதே வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலிற் பிறந்த கிற், இம்முரண்பாட்டின் விளைவாகும். ரோவால்ட்சின் தனியாற்றலை நாம் மறுக்கவில்லை. அவ்வாற்றலை வேண்டிநின்ற வரலாற்று நிலைமையையே சுட்டுகின்றோம்.

சிவிஎஸ் முறையிற் சாதாரண பயனர் பெற்றது நிரலின் ஒரு நிலையை மட்டுமே. கிற் முறையிலோ நகலெடுப்போர் கையில் முழு வரலாறும் சேர்கின்றது. பிறீபிஎஸ்டியும் 2008 இல் சப்வேர்சனுக்கும், 2020 டிசம்பரிற் கிற்றுக்கும் மாறியது. இதனை உடைமையின் பரவலாக்கமெனக் கொண்டாடுவோர் உளர். அது பாதி உண்மையே. முழு வரலாற்றையும் பெறுதற்கு வலுவான இணைப்பு வேண்டும். மின்னஞ்சலிற் சிறுகச் சிறுகப் பெற்றோரின் நிலையில் இன்றும் உள்ளோருக்கு அது எளிதன்று. மேலும், எண்ணற்ற கிற் களஞ்சியங்களைத் தாங்கும் கிற்ஹப் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் 2018 இல் 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. கருவி பரவலாயிற்று, அது குடியிருக்கும் நிலமோ ஒருவர் கையிற் குவிந்தது.

எனவே, முறையொன்றைத் தேர்வோர் இரு வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும்: இணைப்பு அறுந்த நாளில் எம்மிடம் எஞ்சுவது யாது? கருவியையும் களஞ்சியத்தையும் மீளப்பெறும் அதிகாரம் எவரிடம் உள்ளது? இவற்றைத் தவிர்த்து வேகத்தை மட்டும் அளத்தல், ஆலையின் விளைச்சலைக் கணக்கிட்டு அதன் உடைமையாளனை மறத்தலை ஒக்கும்.