பழங்கணினிச் சேகரிப்பும் சீரமைப்பும்

வணிகப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட கணினிகளையும், அவற்றோடு இணைந்து இயங்கிய முனையங்கள், அச்சுப்பொறிகள், நெகிழ்வட்டுகள், கையேடுகள் ஆகியவற்றையும் தேடிச் சேர்த்துப் பாதுகாப்பது பழங்கணினிச் சேகரிப்பு எனப்படும். அவற்றை மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவருவது சீரமைப்பு. முனையம் என்பது தனக்கெனக் கணிக்கும் ஆற்றல் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்து, வேறோர் அறையிலோ வேறோர் ஊரிலோ உள்ள பெரிய கணினிக்கு எழுத்துகளை அனுப்பி, அது தரும் விடையைத் தாளிலோ திரையிலோ காட்டும் கருவியாகும். எத்தனை ஆண்டு கடந்தால் ஒரு கணினி பழங்கணினி ஆகும் என்பதில் ஒருமித்த வரையறை இல்லை. சிலர் 20 ஆண்டு என்பர், வேறு சிலர் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் கிடைக்காமற்போன நாளிலிருந்து கணக்கிடுவர்.

தோற்றம்

கணினிகள் வாடகைக்கு விடப்பட்ட தொடக்க காலத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் பொறி நிறுவனத்துக்குத் திரும்பி உடைக்கப்பட்டதால், 1950களின் கருவிகளில் முழுமையாக எஞ்சியவை சிலவே. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தை உருவாக்கிய கென் ஓல்சன், தாம் இளமையில் பணியாற்றிய வேர்ல்விண்ட் கணினியின் பாகங்களைப் பழைய இரும்பாகப் போகாமல் மீட்டது, இத்துறையின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்நிறுவனத்தின் ஆதரவில் 1979இல் அமைந்த அருங்காட்சியகம் 1984இல் பாஸ்டனுக்கு மாறியது; அதன் தொகுப்பின் பெரும்பகுதி பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்று, இன்று மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 1989இல் கணினிப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலக் கணினியான கொலோசஸை மீளக் கட்ட டோனி சேல் 1993இல் தொடங்கிய பணியும், 1951இல் இயங்கத் தொடங்கிய ஹார்வெல் டெகட்ரான் கணினி 2012இல் மீண்டும் ஓடியதும் அந்நாட்டின் பெரும் சாதனைகள். தனியார் சேகரிப்பாளர் கூடும் பழங்கணினி விழா 1997இல் கலிபோர்னியாவில் முதன்முறையாக நடைபெற்றது.

முனையங்களின் காலம்: 1963–1987

சேகரிப்பாளர் மிக விரிவாக ஆவணப்படுத்தியுள்ள காலம் இதுவே. 1963இல் வெளிவந்த டெலிடைப் மாடல் 33, தந்தித் துறைக்காக உருவாகிப் பின்னர் மலிவான கணினி முனையமாகப் பரவிய கருவியாகும். இது விநாடிக்கு 10 எழுத்துகளைத் தாளில் அடித்தது. பேரெழுத்துகளை மட்டுமே அறிந்தது. ஒரு வகையில் துளைநாடாப் படிப்பியும் இணைந்திருந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் முனையத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் டிடிஒய் என்ற சுருக்கம் டெலிடைப் என்ற பெயரின் எச்சமே. இப்பொறியின் அச்சுச் சுத்தியல் முனையிலுள்ள சிறு ரப்பர்த் திண்டு காலப்போக்கில் பிசினாக உருகியோ கல்லாக இறுகியோ விடுவதால், அதை மாற்றாமல் பொறியை ஓட்டினால் எழுத்துருளை சேதமுறும். நகத்தளவே உள்ள அத்திண்டை மாற்றுவதே இப்பொறியின் சீரமைப்பில் முதல் வேலை எனப் பயிற்றப்படுகிறது.

தாளுக்குப் பதிலாகப் படக்குழாயைக் கொண்ட முனையங்கள் 1970களில் விலை குறைந்தன. லியர் சீக்லர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லாமல் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் பொறிக்கப்பட்டிருந்தன. அம்முனையத்தில் எழுதப்பட்ட விஐ என்னும் உரைத்தொகுப்பி இன்றுவரை அதே 4 விசைகளால் நகர்வது அதனாலேயே. யூனிக்ஸில் பயனரின் இல்லக் கோப்புறையைச் சுட்டும் அலைக்குறியும், இம்முனையத்தில் இல்லம் என்னும் விசையோடு ஒரே கட்டத்தில் இருந்ததிலிருந்து வந்தது என்பர்.

டிஜிட்டல் நிறுவனத்தின் விடி52 1975இலும் விடி100 1978இலும் வந்தன. இன்டெல் 8080 நுண்செயலியைக் கொண்ட விடி100, திரையில் எழுத்தை நகர்த்தவும் அழிக்கவும் அழுத்தமாகக் காட்டவும் அமெரிக்கத் தர நிறுவனம் வகுத்த கட்டளைத் தொடர்களை ஏற்றதால், பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. இன்றைய கணினிகளில் உள்ள முனையச் சாளரங்களும் அக்கட்டளைகளையே பேசுகின்றன. வரிக்கு 80 எழுத்தாக 24 வரியையும், வேண்டியபோது வரிக்கு 132 எழுத்தையும் அது காட்டியது. அதன் விசைப்பலகை, ஒலிக்கருவிகளில் காணப்படும் பருமனான காதொலிப்பான் செருகியைப் போன்ற ஒரே செருகியால் முனையத்தோடு இணைகிறது. மின்னூட்டமும் தகவலும் அந்த ஒற்றை வடத்திலேயே போய்வருகின்றன. 1983இல் விடி220, 1987இல் விடி320 ஆகியன தொடர்ந்தன.

இவற்றுக்கு இணையாக, ஐபிஎம் 1971இல் அறிமுகப்படுத்திய 3270 குடும்பம் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றில் நிலைபெற்றது. எழுத்துக்கு எழுத்து அனுப்பாமல், ஒரு படிவத்தை முழுவதும் நிரப்பிய பின் ஒரே தொகுதியாக அனுப்புவது இதன் இயல்பு. இக்குடும்பத்தின் விசைப்பலகைகள் அழுத்தத்துக்கும் ஒலிக்கும் பெயர்பெற்றவை என்பதால், விசைப்பலகை விரும்பிகள் அவற்றை மட்டும் கழற்றி வாங்கிச் செல்ல, துணையிழந்த திரைகள் விலைபோகாமல் குப்பைக்குச் செல்கின்றன.

தமிழ் எழுத்தும் முனையமும்

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் முன்னோடியாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து பணியாற்றிய ஆர். முத்தையா ஆவார், அவர் வடிவமைத்த பொறி ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது. தட்டச்சுப் பொறியில் எழுத்து உலோகத்தில் இருப்பதுபோல, முனையத்தில் அது எழுத்தாக்கி எனப்படும் நினைவகச் சில்லில் புள்ளி வடிவமாகப் பதிந்திருக்கும்; அச்சில்லில் இல்லாத எழுத்தை அம்முனையத்தால் காட்ட இயலாது. கொம்பும் காலும் பெய்து அகலம் மாறும் தமிழ் எழுத்துக்கு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டத்தை ஒதுக்கிய முனையங்கள் பொருந்தவில்லை.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் உருவாகிப் பின் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்துக்கு வந்த ஜிஸ்ட் என்னும் நுட்பம், கணினிக்குள் செருகும் அட்டையாகவும் தனி முனையமாகவும் வெளிவந்து, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டியது. அதன் குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணை, 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. தமிழர் பழங்கணினி வரலாற்றில் தமிழ் காட்டிய முனையம் என்ற வகையில் இதற்குத் தனியிடம் உண்டு.

மேசைக் கணினியில் வழி வேறாக இருந்தது. கனடாவிலிருந்து கு. சீனிவாசன் 1980களில் உருவாக்கிய ஆதமி, சிலாங்கூர் கேரித் தீவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலிருந்து வளர்த்த முரசு ஆகியன தொடக்க காலத் தமிழ்ச் செயலிகளுள் முக்கியமானவை. எது முந்தியது என்பது, சோதனை வடிவத்தைக் கணக்கில் கொள்வதா வெளியீட்டைக் கொள்வதா என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஒவ்வொரு செயலியும் தனக்கெனத் தனிக் குறியாக்கம் வைத்திருந்ததால், ஒன்றில் அடித்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்ற பின்னும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்களும், அதே காலத்தில் திஸ்கியும் வழங்கின. அக்கால நெகிழ்வட்டில் உள்ள ஒரு தமிழ்க் கதையைப் படிக்க, வட்டைப் படிக்கும் கருவி மட்டும் போதாது. அடித்த செயலியோ அதன் எழுத்துருவோ கூட வேண்டும். ஆங்கிலச் சேகரிப்பாளருக்குப் பெரும்பாலும் விருப்பமாக இருக்கும் பழைய மென்பொருள், தமிழுக்கு அகராதியைப்போல இன்றியமையாததாகிறது.

மலேசியாவில்

மலேசியாவின் முதற்கணினி 1960களின் நடுவில் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது என்பதே பரவலான கருத்து. ஆண்டு 1965 என்றும் 1966 என்றும் வேறுபடச் சொல்லப்படுகிறது. அது ஐபிஎம் 1401 வகையைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. அதே வகைப் பொறிகள் இரண்டு, ஓய்வுபெற்ற ஐபிஎம் பொறியாளர்களின் பல்லாண்டு உழைப்பால், மவுண்டன் வியூ அருங்காட்சியகத்தில் இன்று இயங்குகின்றன. இயங்கும்போது இப்பொறி வெளிவிடும் மின்காந்த அலையை அருகிலுள்ள வானொலிப் பெட்டி இசையாக ஒலிக்கும். ஐஸ்லாந்தில் இதைப் பராமரித்த பொறியாளர் ஒருவர் பதிந்துவைத்த அவ்வொலியைக் கொண்டு அவருடைய மகன் யோஹான் யோஹான்சன் 2006இல் ஓர் இசைத்தொகுப்பே வெளியிட்டார்.

கணினி வரலாற்றில் மலேசியாவின் பெரும்பங்கு, வாங்கிய கணினிகளைவிடச் செய்து அனுப்பிய சில்லுகளில் உள்ளது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்களும், சிலாங்கூரின் சுங்கைவே, உலு கிளாங் தடையற்ற வணிக வலயங்களில் பிற மின்னணு நிறுவனங்களும் தொழிற்சாலை தொடங்கின. கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் பெரும்பான்மையாக இருந்த அவ்வேலைகளுக்குத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் சென்றனர். உலகின் எந்த மூலையிலும் 1980களின் கணினி ஒன்றைத் திறந்தால், உள்ளே உள்ள சில்லுகள் சிலவற்றின் முதுகில் மலேசியா என்ற பெயரையோ அதன் சுருக்கத்தையோ காணலாம். அருகில் பெரும்பாலும் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் குறிப்பதால், 8423 என்பது 1984ஆம் ஆண்டின் 23ஆவது வாரமாகும். பொறியின் வயதை மதிப்பிடவும், பிற்காலத்தில் மாற்றப்பட்ட பாகத்தைக் கண்டறியவும் சீரமைப்பாளர் இவ்வெண்ணையே முதலில் பார்க்கின்றனர்.

கோலாலம்பூரில் இம்பி பிளாசாவும், 1999 முதல் லோயாட் பிளாசாவும் கணினிச் சந்தைகளாக விளங்கின. தோட்டங்களில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுப் பதிந்த வருகையைக் கிராணி எனப்படும் எழுத்தர் கையால் ஏற்றிய செக்ரோல் என்னும் பதிவேடும் பின்னாளில் கணினிக்கு மாறியது. கழிக்கப்பட்ட கணினிகளைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணின் கீழ் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தின.

சீரமைப்பு முறைகள்

பழங்கணினியைக் கண்டவுடன் மின்னிணைப்புக் கொடுக்கலாகாது என்பது முதல் விதி. மின்னூட்டத்தைத் தேக்கித் தரும் பாகமான மின்தேக்கிகளில், தாளையும் உலோகப் படலத்தையும் சுருட்டிச் செய்த பழைய வகை, உறையில் விரிசல் விழுந்து ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் புகையோடு வெடிக்கும். 1980களின் இறுதியிலிருந்து தாய்ப்பலகைகளில் பற்றவைக்கப்பட்ட நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். அக்கசிவு காரத்தன்மை உடையதாகையால் புளிக்காடியால் சமப்படுத்திப் பின் துடைப்பர்.

மலேசியாவில் இரண்டு இடர்கள் கூடுதல். ஒன்று மின்சாரம்: அமெரிக்கப் பொறிகள் 115 வோல்ட், 60 ஹெர்ட்சுக்கு உரியவை, இங்கு பெயரளவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தை மின்மாற்றியால் குறைக்கலாம். அதிர்வெண்ணை அவ்வாறு மாற்ற இயலாததால், மாடல் 33 போன்ற பொறிகளின் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழன்று எழுத்துகள் பிழைபடும். பல்சக்கரத்தையே மாற்ற வேண்டும். மற்றொன்று ஈரம்: சபாக், சுங்கை பெசார் போன்ற வட சிலாங்கூர்க் கரையோரங்களில் ஆண்டு முழுதும் காற்றில் ஈரமும் உப்பும் தங்குவதால், செருகிகளில் அரிமானமும் நெகிழ்வட்டுகளில் பூஞ்சையும் விரைந்து ஏறும். பூஞ்சை படிந்த வட்டை அப்படியே இயக்கியில் இட்டால் படிப்புமுனை அதைச் சுரண்டி எழுத்தை அழித்துவிடும். உறையைப் பிரித்து, வட்டைக் கழுவி உலர்த்திய பின்னரே படிக்க வேண்டும்.

1970களின் சில முனையங்களில், படக்குழாய்க்கும் அதன் முன்னுள்ள காப்புக் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பசை சிதைந்து, கண்புரை போன்ற வெள்ளைத் திட்டுகளைத் தோற்றுவிக்கும். மிதமாகச் சூடேற்றி, மெல்லிய கம்பியால் பசையை அறுத்து இதை நீக்குவர். குழாயில் தேங்கிய உயர் மின்னழுத்தத்தை முதலில் வெளியேற்றாவிடில் உயிராபத்து உண்டு.

கருத்து வேறுபாடுகள்

மஞ்சளேறிய நெகிழி உறையை ஹைட்ரஜன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் கொண்டு வெளுக்கும் முறை 2008ஆம் ஆண்டளவில் பரவியது. மஞ்சளுக்குக் காரணம் தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மமா, நெகிழியின் இயல்பா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை; வெளுத்த உறை மீண்டும் மஞ்சளேறுவது உண்டு. நெடுநாள் உறங்கிய பொறிக்கு மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவது நன்று என ஒரு சாராரும், நிலைமாற்றி வகை மின்வழங்கிகளுக்கு அது கேடு என மற்றொரு சாராரும் கூறுவர். இவற்றினும் அடிப்படையானது, பொறியையே காக்க வேண்டுமா, புதுக்கணினியில் பழங்கணினியைப் போல் நடந்துகொள்ளும் போன்மி என்ற நிரல் போதுமா என்பது. 1993இல் பாப் சுப்னிக் தொடங்கிய சிம்எச் இவ்வகையில் முன்னோடி. எழுத்தைக் காக்கப் போன்மி போதும் என்பதும், விசையின் அழுத்தத்தையும் பாஸ்பரத்தின் பச்சை ஒளியையும் அது தராது என்பதும் இரு தரப்பு வாதங்கள்.

அண்மைக்காலம்

நெகிழ்வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிந்து பின்னர் கணினியில் பகுத்தறியும் மலிவான கருவிகள் 2010களிலிருந்து கிடைக்கின்றன. மைக்ரோசாப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் சியாட்டிலில் நிறுவிய பழங்கணினி அருங்காட்சியகம் 2020இல் மூடப்பட்டு, 2024இல் அதன் பொருள்கள் பல ஏலம் விடப்பட்டன. தமிழ்ச் சேகரிப்பைப் பொறுத்தவரை, பொறியை ஓட்டிய பிறகு வட்டைப் பார்க்கும் வழக்கமான வரிசை தலைகீழாக வேண்டியுள்ளது. பொறி இன்னும் சில ஆண்டு பொறுக்கும், ஈரக்காற்றில் கிடக்கும் நெகிழ்வட்டு பொறுக்காது.