உறவினர்க்குக் காட்டும் ஊவா

பதுளை நகரிலோ, அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ வாழும் ஒரு குடும்பத்தாரின் இல்லத்திற்குத் தமிழகத்திலிருந்து உறவினர் வந்து சேர்ந்தால், பயணக் களைப்பு நீங்கிய மறுநாளே ஒரு பேச்சு எழும். வந்தவர்களுக்கு எதனைக் காட்டுவது என்பதே அப்பேச்சு. விடை ஆயத்தமாகவே இருக்கும். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, முத்தியங்கனை விகாரை, தெமோதரைச் சுற்றுப்பாதை, எல்ல நகரை அடுத்த ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளைக்கு மேலே லிப்டன் அமர்ந்த குன்று என்று வீட்டுப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். ஆனால், வந்திருப்பவர் நீலகிரியிலிருந்து வந்த ஒரு மூதாட்டியாயின், அவர் கேட்பது இவற்றுள் ஒன்றையுமன்று. “நான் பிறந்த லயம் இன்னும் இருக்கிறதா, தம்பி?” என்பதே அவருடைய முதற் கேள்வியாக இருக்கும்.

காட்சியிடங்களின் பட்டியல் ஒருபுறம், இக்கேள்வி மறுபுறம். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. ஊவாவில் விருந்தினர்க்குக் காட்டப்படும் இடங்களுட் பல, அம்மூதாட்டியின் முன்னோர் வாழ்ந்து உழைத்த வரலாற்றோடு பிணைந்தவை. அதனை அறிந்து காட்டுவோர் சிலரே. அறியாது காட்டினால் அருவியும் பாலமும் கண்ணுக்கு விருந்தாகும். அறிந்து காட்டினாலோ அவை ஒரு குடும்பத்தின் வரலாறாகும்.

முதலில், உறவினர் கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாக இருக்க நேர்ந்தது எவ்வாறு என்பதை நோக்குதல் வேண்டும். 1820களில் மத்திய மலைநாட்டில் தொடங்கிய கோப்பிச் செய்கை, பின்னர் ஊவா மலைகளுக்கும் பரவியது. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்படுவது. ஆதலின், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாருடன் வந்த தொழிலாளர், பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டை நோக்கி நடந்தவர்களுட் பலர், நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர்.

1869ஆம் ஆண்டில், பதுளையை அடுத்த மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. அஃது ஒருவகைப் பூஞ்சண நோய். இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் இலங்கையின் கோப்பித் தொழிலை வீழ்த்திவிட்டது. அதன் இடத்திற்குத் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும், ஏறக்குறைய வாரந்தோறும் பறிக்கப்பட வேண்டியது. எந்நாளும் கைகள் வேண்டும். சிறப்பாகப் பெண்களின் கைகள் வேண்டும். எனவே, வந்து போய்க்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு தங்கலாயினர். பாட்டன் ஊரில், பேரன் தோட்டத்தில் என்னும் நிலை அவ்வாறு உண்டாயிற்று. ஒரு செடிக்கு வந்த நோய் ஒரு மக்கட் கூட்டத்தின் குடியிருப்பையே மாற்றியது எனலாம்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, இருபுறத்துப் புகைவண்டிகளையும் இணைக்கும் கப்பற் சேவை தொடங்கிற்று. கலியாணத்திற்கும் கருமாதிக்கும் இரு கரையினரும் வந்து சென்றனர். 1948இல் நிலைமை மாறியது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். எஞ்சியோரும் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தவர் அக்கரைக்கும், அடுத்த காம்பராவில் இருந்த உடன்பிறந்தார் இக்கரைக்கும் உரியவராயினர்.

சென்றவருட் பலர் நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில், தமிழக அரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அங்கும் கொழுந்தே பறித்தனர். 1983 ஜூலை வன்செயல்களில் பதுளையின் கடைவீதியும் தப்பவில்லை. அதன் பின்னர் மேலும் பலர் புறப்பட்டனர். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு வழிசெய்யும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இன்று பதுளை வீட்டின் வாயிலில் விருந்தினராய் வந்து இறங்குபவர், ஒருகாலத்தில் அவ்வீட்டாரோடு ஒரே குழாயடியில் நீர் பிடித்தவராக இருத்தல் கூடும்.

இனி, காட்சிகளுக்கு வருவோம். மேற்கிலிருந்து வரும் பாதை இதல்கஸ்ஹின்னையைக் கடந்து அப்புத்தளையை அடையும்போது, வலப்புறத்தில் மலை சட்டென்று விழுந்து, தென்னிலங்கைச் சமவெளி கீழே விரிந்து தோன்றும். ஆடி, ஆவணி மாதங்களில் வந்தவர் இவ்விடத்தில் கச்சான் காற்றை உணர்வர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேலைச் சரிவுகளிற் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவுக்குள் நுழைகின்றது. அவ்வறட்சியில் தேயிலைக் கொழுந்து சுருங்கித் தனி மணம் பெறுகின்றது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெற்ற புகழுக்கு இதுவே காரணம்.

அங்கிருந்து தம்பேத்தன்னைத் தோட்டத்திற்கு வழி செல்கின்றது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களுள் அதுவும் ஒன்று. அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கியதாகக் கூறப்படும் உச்சி, இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. விருந்தினர் அங்கே நின்று படம் பிடித்துக்கொள்வர். அவ்விருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரிவது, செங்குத்தான சரிவுகளில் நெருங்கி அமைந்த தேயிலை நிரைகளே. அமர்ந்தவர் பெயரை எல்லாரும் அறிவர். அந்நிரைகளை நட்டவர் பெயரைக் கூறும் பலகை எதுவும் வழியில் இல்லை.

மலையகத்தார் கோச்சி என்றழைக்கும் புகைவண்டிக்கான பாதை, 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து பதுளை ஏறக்குறைய 20 மைல் தொலைவே. அத்தொலைவைக் கடக்க மேலும் 30 ஆண்டுகள் கழிந்தன. 1924 ஏப்ரல் 5ஆம் நாள் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. இவ்விறுதிப் பகுதியிலேதான் விருந்தினர் வியக்கும் இரண்டு வேலைப்பாடுகள் உள்ளன. ஒன்று, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலம். ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடைய அப்பாலம், உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்தது. முதல் உலகப் போரின் காரணமாக உருக்குக் கிட்டாது போகவே அவ்வாறு கட்டினர் என்று கூறுவர்.

மற்றொன்று தெமோதரைச் சுற்றுப்பாதை. மலைச்சரிவு மிகுதியாகையால், பாதை நேரே இறங்கல் இயலாது. ஆகவே, அது நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளியேறுகின்றது. இந்த அமைப்பு எவ்வாறு தோன்றிற்று என்பதற்குச் செவிவழிக் கதையொன்று உண்டு. பாதையை இறக்கும் வழி தெரியாது பொறியியலாளர் திகைத்திருந்த வேளையில், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். ஒரு சுற்றின்மேல் மறுசுற்று ஏறுவதைக் கண்ட பொறியியலாளருக்கு வழி புலப்பட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, அதனைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. ஆயினும், அக்கங்காணியின் பெயர் யாது, அவர் எத்தோட்டத்தவர் என்று சொல்வாரும் இல்லை. ஊவாவின் காட்சிக் கதைகளுள் தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இடம்பெறுவது இதில் மட்டுமே எனலாம். அதிலும் எஞ்சியது அவருடைய தலைப்பாகையே.

பதுளை நகரம் தோட்டங்களுக்கு மிக முற்பட்டது. புத்தர்பிரான் எழுந்தருளியதாகப் பௌத்தர் போற்றும் பதினாறு தலங்களுள் முத்தியங்கனையும் ஒன்று. கண்டியரசின் காலத்தில் ஊவாவின் இளவரசர் இங்கிருந்து ஆண்டனர். 1630இல் பதுளையைத் தீக்கிரையாக்கித் திரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, ரந்தெனிவெலையில் வீழ்ந்துபட்டார். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவும் வெல்லசையும் பிரித்தானியருக்கு எதிராக எழுந்தன. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, தாமே கிளர்ச்சியாளரோடு சேர்ந்து தலைமை தாங்கி, 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் தலை துண்டிக்கப்பட்டார். வயல்களும் குளங்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. பின்னர் 1840இன் சட்டத்தால், உறுதி காட்ட இயலாத நிலங்கள் அரசுக்குரியனவாகி, தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. இதனையும் விருந்தினர்க்குச் சொல்லுதல் முறையாகும். தமிழ்த் தொழிலாளர் வந்து சேர்ந்தது, சிங்களக் குடியானவர் இழந்த மண்ணுக்கே. இழப்பை உண்டாக்கியவரும் இவரல்லர். பயனைக் கொண்டவரும் இவரல்லர்.

நகர் நடுவே 1857இல் எழுந்த புனித மாற்கு ஆலயம், மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்து வீதிகளை அமைத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும் பெயர் பெற்றவர். 1845 ஜூன் 7ஆம் நாள், அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். அவருக்குக் கோயிலும் கல்லும் உண்டு. அவர் ஆணையிட்ட வீதிகளை வெட்டியவருக்கு அவ்வீதிகளே கல்.

நகரிலிருந்து சிறிது தொலைவில், பதுளு ஓயா ஏறக்குறைய 210 அடி உயரத்திலிருந்து துன்ஹிந்தவாக வீழ்கின்றது. புகைபோல் எழும் நீர்த்திவலையால் அப்பெயர் வந்தது என்பர். பிள்ளைகள் மகிழ்வது இங்கேதான். காட்டுப் பாதையில் ஏறி இறங்க முதியோர்க்கு இயலாது. ஆகையால், அவர்கள் மேலே கடையருகில் அமர்ந்திருந்து, பசறைப் பக்கம் எப்போது செல்வது என்று வினவுவர்.

பசறை வழி, நமுனுகுலமலையை நோக்கித் தோட்டங்களினூடே வளைந்து செல்கின்றது. மூதாட்டியின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தல் வேண்டும். அது எளிதன்று. தோட்டங்களுக்கு ஏட்டில் ஒரு பெயரும் தமிழர் வாயில் வேறொரு பெயரும் வழங்கின. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றன. சில பிரிவுகள் காடாயின. பிரட்டுக்களம் எது, பிள்ளைக்காம்பரா எது என்று காட்டத்தக்கவர், அங்கே எஞ்சியிருக்கும் முதியோர் சிலரே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அந்தக் காம்பராவைக் கண்டுபிடித்துவிட்டால், மூதாட்டி அடுப்பு இருந்த மூலையை முதலில் நோக்குவார். பின்னர் மாரியம்மன் கோயிலையும், அதன்பின் புதைகாட்டையும் கேட்பார். புதைகாட்டின்மேல் தேயிலை நடப்பட்டிருத்தலும் உண்டு.

தள்ளிப்போட இயலாத வேலை இஃது என்பதை 2014 அக்டோபர் 29ஆம் நாள் உணர்த்திற்று. அன்று காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்களை அவற்றில் இருந்தோரோடு மூடியது. அங்கே பிறந்து கடல் கடந்தவர் எவரேனும் திரும்பி வந்து, தம் காம்பரா எது என்று கேட்டால், காட்டுவதற்கு மண்மேடன்றி வேறொன்றுமில்லை.

ஆகவே, உறவினரை அழைத்துச் செல்வோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாலத்தருகே நிற்கும்போது பாலத்தின் நீளத்தை மட்டும் சொல்லாது, அவ்வீட்டுப் பாட்டனார் எந்த மலையில் வேலை செய்தார், எவ்வாண்டில் யார் யார் எந்தப் பக்கம் பிரிந்தனர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். வந்த முதியோர் நினைவிற் கொண்டுவரும் பெயர்களை, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியிலாவது பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைத்தல் வேண்டும். தெமோதரைக் கங்காணியின் பெயரை அன்று எவரும் எழுதிவைக்கவில்லை. நீலகிரியிலிருந்து வந்த மூதாட்டியின் தந்தை பெயர் இன்னும் அவர் நாவில் இருக்கின்றது. அவர் திரும்பிச் செல்வதற்கு முன்னர் அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.