தூர் பிரிக்கும் கத்தி: ஹோஸ்டாவின் கதை

குளிர் நாடுகளில் மரத்தடி நிழலில் என்ன வைக்கலாம் என்று கேட்டால் தோட்டக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ஹோஸ்டா. பூவை விட இலைக்காகத்தான் வளர்க்கிறார்கள். நீலம் படர்ந்த பச்சை, மஞ்சள் கரை, வெள்ளை நடு என்று அகலமான இலைகள். குளிர்காலத்தில் மண்ணுக்கு மேல் ஒன்றும் இருக்காது, வசந்தத்தில் குருத்து எட்டிப் பார்க்கும். அந்த உறக்கம் அதற்குக் கட்டாயம் வேண்டும். சென்னையில் இது செழிக்காததற்கு அதுதான் காரணம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் நான் இதன் வரலாற்றுக்குள் மாட்டிக்கொண்டேன். செடியின் ஊர் ஜப்பான், கொரியா, சீனா. ஜப்பானில் 'கிபோஷி' என்பார்கள், இளங்குருத்தைச் சமைத்தும் சாப்பிடுவார்கள். நாகசாகியின் தெஜிமா தீவில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த கெம்ப்ஃபர், 1712இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிட்டார். 1812இல் ட்ராட்டினிக் என்பவர், ஆஸ்திரிய மருத்துவரும் தாவரவியலாளருமான ஹோஸ்டின் பெயரை இதற்கு வைத்தார். 1817இல் இன்னொருவர் 'ஃபுங்கியா' என்று மாற்றினார். 1905இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடுதான் பஞ்சாயத்தை முடித்து 'ஹோஸ்டா'வை உறுதி செய்தது.

பெயர்ச் சண்டையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 1823 முதல் தெஜிமாவில் இருந்த சீபோல்ட், ஜப்பானிய வரைபடங்களை வைத்திருந்த குற்றத்துக்காக 1829இல் வெளியேற்றப்பட்டார். அவர் வழியாக நெதர்லாந்துக்குப் பல ஹோஸ்டாக்கள் போயின. ஆனால் ஐரோப்பா 'புதிய இனங்கள்' என்று பதிவு செய்தவற்றில் சில காட்டுச் செடிகளே அல்ல, ஜப்பானியத் தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. உந்துலாட்டா, லான்சிஃபோலியா இரண்டும் அப்படித்தான். இவை பெரும்பாலும் விதை பிடிக்காது. அப்படியென்றால் இத்தனை தோட்டங்களுக்கு எப்படிப் பரவின?

கத்தியால்தான். வாழைக்கன்றைப் பெயர்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போமே, அதே கதை. வசந்தத் தொடக்கத்தில் தூரைப் பிரித்து, வேரோடு ஒரு துண்டு நண்பருக்கு. 'நட்புச் செடி' என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

சிக்கலும் அங்கேதான். 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹோஸ்டா எக்ஸ் வைரஸ் அடையாளம் காணப்பட்டது. செடிச் சாறு ஒட்டிய கத்தியும் கையும்தான் இதைப் பரப்புகின்றன. நரம்போரம் மை கசிந்த மாதிரி நிறம் ஓடும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோலத்தைப் புது ரகம் என்று நினைத்து 'பிரேக்த்ரூ', 'லெபர்ட் ஃப்ராக்' என்றெல்லாம் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள்! அறிகுறி தெரிய வருடக்கணக்கில்கூட ஆகலாம். மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

எனவே குளிர் நாட்டில் இருந்து ஹோஸ்டா வளர்க்கும் நண்பர்களுக்கு: மதிய வெயில் படாத இடம், ஈரம் நிற்காமல் ஈரப்பதம் காக்கும் மண், இரவில் இலையைத் தின்ன வரும் ஓடில்லா நத்தைகள் மீது ஒரு கண். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சேர்ப்பது ஒன்றுதான். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தியையும் கையையும் சோப்புத் தண்ணீரில் சாறு போகக் கழுவிடுங்க. இருநூறு வருஷமாக இந்தச் செடியைப் பிழைக்க வைத்தது கொடுக்கிற பழக்கம். துண்டோடு நோயையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது.