பீட் ஃபென்லன்

அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளரும் வரைபடக் கலைஞருமான பீட் ஃபென்லன், 1980-இல் வெர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் தொடங்கப்பெற்ற அயர்ன் கிரௌன் எண்டர்பிரைசஸ் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர் ஆவார். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி, நடுவர் விவரிக்கும் சூழலில் பகடை உருட்டி விளைவை அறியும் ‘பாத்திரமேற்று ஆடும்’ விளையாட்டுகளே அந்நிறுவனத்தின் முதன்மை வெளியீடுகள். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் கற்பனை உலகான மிடில் எர்த்தை அது உரிமம் பெற்று விளையாட்டாக்கியபோது, மூலநூல்களின் வரைபடம் தொடாமல் விட்ட தெற்கையும் கிழக்கையும்கூட மலைத்தொடர், ஆறு, காடு, பாதை எனப் பிரித்தறியும் வண்ணம் ஃபென்லன் வரைந்தார். ஆடுவோர் பயணவழியையும் தொலைவையும் அவற்றைக் கொண்டே தீர்மானித்ததால், அவ்வரைபடங்களை விளையாட்டின் உயிர்நாடி எனலாம். பின்னாளில் அவர் மேஃபேர் கேம்ஸ், கட்டான் ஸ்டுடியோ ஆகியவற்றின் தலைமைப் பொறுப்பை வகித்தார்.