குளம் பேணும் திருத்தொண்டு



சிவபெருமான் எட்டு வடிவாய் உலகில் விளங்குகின்றான் என்பது நம் சமயத் துணிபு. அவ்வெட்டினுள் நீரும் ஒன்று. திருவானைக்காவில் அப்புலிங்கமாகவே அவனை வழிபடுகின்றோம். ஆதலின் திருக்கோயில் எடுத்த நம் முன்னோர் அதன் அருகே திருக்குளமும் எடுத்தனர். திருவாரூரைக் குறித்துக் "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி" என்று மக்கள் இன்றும் வழங்குவர்.

அத்திருவாரூரில் வாழ்ந்தவர் தண்டியடிகள் நாயனார். அறுபத்து மூவருள் ஒருவராகிய அவர் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்கோயிலின் மேற்றிசைக் குளம், சுற்றிலும் பிறருடைய இடங்கள் நெருங்கி வந்தமையால், பரப்பிற் குறைந்தது. அதனை அறிந்த அடிகள் குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவியவாறே சென்று மண்ணைக் கல்லிச் சுமந்து வந்து கரையிற் கொட்டினார். தடுத்தோர் சொல்லுக்கும் நகைத்தோர் சொல்லுக்கும் அவர் அஞ்சிலர். முடிவில் அக்குளத்தில் மூழ்கி எழுந்தபோது திருவருளால் கண்ணொளி பெற்றார் என்பது பெரியபுராணம் உரைக்கும் வரலாறு.

இங்கு நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தண்டியடிகள் புதுக்குளம் தொட்டவர் அல்லர். முன்னோர் தொட்டு வைத்த குளத்தைத் தூர்வாங்கிப் பேணியவர். அக்காத்தலே அவரை நாயன்மார் வரிசையில் இருத்திற்று.

இத்தொண்டின் அருமை ஆறு பாயும் நாட்டினர்க்கு எளிதிற் புலப்படாது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளைப் போன்ற வானம் பார்த்த பூமியில் வாழ்வோரே அதனை நன்கறிவர். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதே பெரும்பாலும் ஆண்டு முழுமைக்கும் ஆன மழை. அதனைத் தேக்கி வையாவிடின் சில நாளில் கடலைச் சேர்ந்துவிடும். ஆகவே நிலத்தின் சரிவறிந்து, தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவாய்க் கரை எழுப்பினர். அதுவே கண்மாய். மேட்டு நிலத்து நீர் வரத்துக்கால் வழியே அதில் வந்து சேரும். மடை வழியே வயலுக்குச் செல்லும். மிகுந்த நீர் கலுங்கின் வழியே வழிந்து அடுத்த ஊர்க் கண்மாயை அடையும். மேலூர்க் கண்மாய் பழுதுபட்டால் கீழூர் வயல் காயும். ஆகலின் ஓரூரின் தருமம் மற்றோரூரின் சோறாயிற்று. குடிநீருக்கென ஊருணியைத் தனியே வைத்தனர். பிறர்க்கு உதவும் பேரறிவாளன் செல்வத்துக்கு ஊருணி நீரையே வள்ளுவர் உவமை கூறினமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பாண்டிய மன்னன் பெயர் தாங்கிய இராசசிங்கமங்கலத்துப் பெருங்கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அந்நாட்டார் புகழ்வர். நாரையும் பறந்து கடக்க மாட்டாத அகலமும், நாற்பத்தெட்டு மடைகளும் உடையது என்பது பொருள். பாண்டிநாட்டுக் கண்மாய்களில் உள்ள குமிழித் தூம்பு நம் முன்னோர் நுண்ணறிவுக்குச் சான்று. நீர் இறங்குதற்கு நீரோடித் துளையும், அடியிற் படியும் வண்டல் வெளியேறுதற்குச் சேறோடித் துளையும் அதில் அமைத்தனர். மடை திறக்குந்தோறும் நீரோடு வண்டலும் சென்று வயலுக்கு உரமாகும். அதற்கும் எஞ்சிய வண்டலைக் கோடையில் குடிகள் வெட்டி, வயலுக்கும் கரைக்கும் இட்டனர். இவ்வாறு ஊரார் கூடிச் செய்த பணிக்கே குடிமராமத்து என்று பெயர்.

இப்பணியை முறையாக நடத்தியதற்குத் தொண்டைநாட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுச் சான்று பகரும். முதற் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் இடப்பெறும் தகுதியை இழந்தனர். ஏரியின் நீரைக் காப்பவர் கையும் தூயதாதல் வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஏரிப் பணிக்கென ஏரிப்பட்டி என்னும் நிலம் விடுவதும், மீன் பிடிக்கும் உரிமையால் வரும் பாசிபாட்டத்தை ஏரிக்கே செலவிடுவதும் அக்கால வழக்கம்.

பிற்காலத்தில் இம்முறை தளர்ந்தது. ஊர்ப்பொறுப்பு அயலார் ஆட்சியில் வருவாய்த்துறையின் கைக்குச் சென்றது. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டு, குடிமராமத்துக்கு ஆள் தராதவரைத் தண்டிக்கச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. அன்பினால் நடந்ததை அச்சத்தினால் நடத்த முயன்றனர், அது நிலைபெறவில்லை. வரத்துக்கால்கள் அடைபட்டன, உள்வாய்கள் மனையாயின. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எனினும் அரசு அளிக்கும் பொருள் கரையை உயர்த்தலாம். அக்கரையைத் தன்னதென்று கருதிக் காக்கும் நெஞ்சை ஊராரே அளித்தல் வேண்டும்.

சிலர், "கோயில் திருப்பணி புண்ணியம், கண்மாய் வெட்டுவது உலகியல் அன்றோ?" என வினவலாம். நீரின்றித் திருமஞ்சனம் ஏது? விளைவின்றி நிவேதனம் ஏது? தெப்பத் திருவிழா எங்கே நடக்கும்? குடிகள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபின் திருவிழாக் காண வருவார் யார்? கண்மாய் வறண்ட ஊரில் கோயில் விளக்கும் நாளடைவில் அவியும்.

ஆகவே அன்பர்களே! ஆண்டுதோறும் திருவிழாவில் தேர்வடம் பிடிக்கின்றோம். சாதியும் செல்வமும் கருதாது பல கைகள் ஒரு வடத்தைப் பற்றினால்தான் தேர் நகரும். அதே கைகள் கோடையில் ஒருநாள் மண்வெட்டியும் கூடையும் ஏந்துக. நும் ஊர் வரத்துக்காலை அடைத்திருப்பது எது என்று சென்று பார்மின். அது நம் சொந்த வேலியாயின் முதலில் அதனை அகற்றுவோம். கண்ணில்லாத ஓரடியார் கயிற்றைப் பற்றிச் செய்த தொண்டைக் கண்ணுடைய நாம் செய்யாதிருத்தல் முறையாகுமோ? குளம் நிறைக; வயல் விளைக; சிவத்தொண்டு சிறக்க.

திருச்சிற்றம்பலம்.