பிளக்கில் படிந்த ஈயம்

டூ ஸ்ட்ரோக் இஞ்சினைத் தொட்டுப் பழகிய எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தே வண்டியின் சீக்கைச் சொல்லிவிடுவார். நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடிப்போச்சு. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. கையும் கண்ணும் பழகிப் பழகிச் சேர்த்த அறிவு இது. ஆனால் அந்தக் காப்பி நிறம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விக்குப் பின்னால் சில சாவுகள் கிடக்கின்றன.

அமெரிக்காவில் இந்த அறிவு ஏ.டி.வி. ஓட்டுகிறவர்களிடம் நன்றாகப் புழங்கியது. மணல்மேடு, சேறு, மலை என்று ரோடு இல்லாத இடத்தில் ஓடுகிற அகலமான டயர் வண்டி அது. 1970இல் ஹோண்டா அதை மூன்று சக்கரத்தில் கொண்டுவந்தது. பிறகு நாலு சக்கரம் வந்தது. 1986இல் ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ். 250ஆர், 1987இல் யமஹாவின் பான்ஷீ. இரண்டும் டூ ஸ்ட்ரோக். வேகம் வேண்டி சைலன்சரை மாற்றுவார்கள், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிவிடுவார்கள். காத்து கூடும். கூடின காத்துக்குத் தக்க பெட்ரோல் வேண்டுமே! அதற்கு கார்பரேட்டருக்குள் இருக்கும் மெயின் ஜெட்டை மாற்றணும். பித்தளைத் துண்டில் ஒரு துளை, அவ்வளவுதான். நம்பர் கூடினால் துளை பெரிசு. மலை ஏறினால் காத்து மெலியும், சின்ன ஜெட் வேண்டும். குளிர்காலத்தில் காத்து அடர்த்தி, பெரிய ஜெட் வேண்டும்.

எந்த ஜெட் சரி என்பதைப் பிளக்தான் சொல்லும். புதுப் பிளக்கைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாத் திருகி ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இஞ்சினை நிறுத்தணும். மெதுவாக உருட்டிவந்து நிறுத்தினால் பிளக் பொய் சொல்லும். பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி வரணும். சின்னதில் தொடங்கினால் சூடேறி பிஸ்டனே உருகிப்போகும்.

இனி நிறத்துக்கு வருவோம். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் கலந்தால் இஞ்சின் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அந்தப் பொருளைத் தயாரித்த தொழிலாளிகள் ஐந்து பேர் புத்தி கலங்கிச் செத்தார்கள். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ரொம்பக் கடுமையாக வேலை செய்ததால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று கம்பெனித் தரப்பு சொன்னது. செத்தவன் மேலேயே பழி! அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார். விற்பனை கொஞ்ச நாள் நின்றது. 1926இல் அரசுக் குழு, தடை செய்யக் காரணமில்லை என்றது. மறுபடி விற்றார்கள்.

அந்த ஈயம் எரிந்து மிஞ்சிய உப்புகள் பிளக்கின் பீங்கானில் படிந்தன. மெக்கானிக்குகள் நம்பிய அந்த நிறத்தில் ஈயத்துக்கும் பங்கு உண்டு. ஏ.டி.வி. கொடிகட்டிப் பறந்த காலத்தில்தான் ஈயம் குறைந்தது. 1986இல் அமெரிக்கா, ஒரு கேலனுக்கு 0.1 கிராம்தான் என்று வரம்பு வைத்தது. 1996இல் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு முழுத் தடை. ரோட்டுக்கு வெளியே ஓடும் பந்தய வண்டிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஈயமில்லாப் பெட்ரோலில் பிளக் வெளிறித்தான் தெரியும். பழைய நிறத்தைத் தேடுகிறவர் தேவையில்லாமல் ஜெட்டைப் பெரிசாக்குவார். இப்போது பார்க்க வேண்டியது, பீங்கானின் அடியில், இரும்போடு சேரும் ஆழத்தில் விழும் மெல்லிய கரி வளையத்தை.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000இல். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அதுவரைக்கும் நம்ம ஊர் வொர்க்ஷாப்களில் சின்னப் பையன்கள் பிளக்கை எமரித்தாளில் தேய்த்து வாயால் ஊதினார்கள். ட்யூபை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சினார்கள். பிளக்கின் நிறத்தைப் படிக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நிறம் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் ரத்தத்தில் ஏறின ஈயத்தை யார் அளந்தார்கள்?