மிசூரியில் காட்டு வான்கோழி வேட்டை: பருவ இறுதி வாரத்தின் வரலாறு

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள மிசூரி மாநிலத்தில் வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டைப் பருவம் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கிறது. முதல் வாரம் அனுபவசாலிகளுக்கு உரியது. வேலைக்கு விடுப்பு எடுத்து வருபவர்கள் இருட்டிலேயே காட்டுப் பாதைகளில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். கடைசி வாரம் வேறு மாதிரியானது. சொந்த நிலம் இல்லாத குடும்பங்கள், பிள்ளைகளுடன் வரும் பெற்றோர், பேரனுக்கு முதல் பறவையைக் காட்டிவிட நினைக்கும் தாத்தாக்கள் பொது நிலக் காடுகளுக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான். சாதாரண வாரயிறுதிப் பயணம்போலத் தோன்றும் இந்த வழக்கம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மிசூரியில் சாத்தியமாகவே இருக்கவில்லை. சுடுவதற்குப் பறவையும் இல்லை, சுட அனுமதியும் இல்லை.

பறவையின் நாட்காட்டி

காட்டு வான்கோழி வட அமெரிக்காவுக்கே உரிய பறவை. வீட்டில் வளர்க்கப்படும் வான்கோழி மெக்சிகோவின் உள்ளினம் ஒன்றிலிருந்து வந்தது; மிசூரிக் காடுகளில் வாழ்வது கிழக்கத்திய உள்ளினம். இளவேனிலில் சேவல்கள் விடியலில் மரக்கிளையில் இருந்தபடியே உரக்கக் கூவிப் பெட்டைகளை அழைக்கின்றன. வேட்டைக்காரர் செய்வது இந்த முறையைத் தலைகீழாக்குவது. மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலை ஒரு கருவியால் எழுப்பி, சேவலைத் தன்னிடம் வரவழைக்கிறார். இறக்கை எலும்பால் செய்த ஊதுகுழல்களை அமெரிக்கப் பூர்வகுடிகள் இதற்குப் பயன்படுத்தினர். மரப்பெட்டி வடிவிலான அழைப்புக் கருவிக்கு ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை பெற்றார்.

பெட்டை சுமார் 10 முதல் 12 முட்டைகள் இட்டு 28 நாட்கள் அடைகாக்கும். ஒருமுறை இணைசேர்ந்த பெட்டை பல வாரங்களுக்குக் கருவுற்ற முட்டைகளை இட முடியும். வசந்தகால வேட்டை முழுவதும் இந்த உயிரியல் உண்மையின் மேல் நிற்கிறது. இணைசேர்க்கை பெருமளவு முடிந்து, பெட்டைகள் கூட்டுக்குப் போகத் தொடங்கியபின் சேவல்களில் ஒரு பங்கை எடுத்தால் அடுத்த தலைமுறைக்குக் கேடில்லை என்பதே கணக்கு. சுடத்தக்க பறவை ஆணாகவோ, மார்பில் தொங்கும் மயிர்க்கற்றையான ‘தாடி’ தெரியும் பறவையாகவோ இருக்க வேண்டும் என்ற விதியும் இதிலிருந்தே வந்தது. அரிதாகப் பெட்டைகளுக்கும் தாடி முளைப்பதுண்டு.

ஓசார்க் காடுகளின் அழிவு

மிசூரியின் தென்பகுதியிலுள்ள ஓசார்க் மலைத்தொடர் ஒரு காலத்தில் பைன், ஓக் மரங்களால் நிறைந்திருந்தது. 1880-களில் இரயில் பாதை வந்ததும் மரக்கம்பெனிகளும் வந்தன. கார்ட்டர் கவுண்டியில் கிராண்டின் என்ற ஊரில் அமைந்த மர அறுவை ஆலை அந்நாளில் நாட்டின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று. அறுக்க மரம் தீர்ந்ததும், 1909-இல், ஆலையே ஊரைவிட்டுப் போனது. மொட்டையான குன்றுகளை வாங்கியவர்கள் ஆண்டுதோறும் நெருப்பு வைத்து மேய்ச்சல் நிலமாக்கினர். பன்றிகளையும் மாடுகளையும் வேலியின்றித் திரியவிட்டனர். பறவைக்கு எஞ்சிய ஓக் கொட்டைகளைப் பன்றிகள் தின்றன.

கூடவே சந்தைக்காக வேட்டையாடியவர்கள் அடையும் மரங்களைக் கண்டுபிடித்து இரவில் சுட்டனர். பருவமென்றும் வரம்பென்றும் எதுவும் மதிக்கப்படவில்லை. சட்டத்தை மீறிப் பிடித்த விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. ஆனால் மிசூரிக்கு அது தாமதமாக வந்த மருந்து. 1937-இல் வான்கோழி வேட்டை முற்றிலும் மூடப்பட்டது. 1952-இல் மாநிலம் முழுவதிலும் 2,500-க்கும் குறைவான பறவைகளே எஞ்சியிருந்தன.

பண்ணைப் பறவைகளின் தோல்வி

பறவை குறைந்தால் வளர்த்து விட்டுவிடலாம் என்பதே முதலில் எல்லோருக்கும் தோன்றிய வழி. 1925 முதல் 1943 வரை மிசூரியில் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட சுமார் 14,000 வான்கோழிகள் காடுகளில் விடப்பட்டன. அவை நிலைக்கவில்லை. நரிக்கும் ஆந்தைக்கும் இரையாயின. சில பக்கத்துப் பண்ணை முற்றங்களில் கோழிகளோடு சேர்ந்து தீனி தின்றன.

ஏன் என்ற கேள்விக்கு விடை தேடியவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டின் மகனான இவர் ஓசார்க் பகுதியின் கேனி மவுண்டன் சரணாலயத்தில் தங்கிப் பறவைகளைக் கவனித்தார். ஆபத்தொலி கேட்டதும் காட்டுக் குஞ்சுகள் தரையோடு ஒட்டி உறைந்துவிடுவதையும், கலப்பினப் பறவைகளிடம் அந்த எச்சரிக்கை தளர்ந்திருப்பதையும் கண்டார். காட்டுப் பறவையின் மூளையும் சில சுரப்பிகளும் ஒப்பளவில் பெரியவை என்பதையும் அளந்து காட்டினார். காட்டுத்தன்மை பழக்கத்தால் மட்டும் வருவதன்று, மரபாகவும் வருவது என்ற இவரது முடிவு 1944-இல் வெளியானது. பதினெட்டு ஆண்டுகள் செலவிட்டபின் கிடைத்த பாடம் இது. இதற்குப் பின்னும் வேறு சில மாநிலங்கள் பண்ணைப் பறவைகளை விட்டுக்கொண்டேயிருந்தன. வேலி திறந்து ஆயிரம் பறவைகளைப் பறக்கவிடுவது கண்ணுக்குத் தெரியும் காரியம் அல்லவா?

பீரங்கி வலை

அப்படியானால் உண்மையான காட்டுப் பறவையைப் பிடித்துத்தான் புது இடத்தில் விடவேண்டும். அதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. 1951-இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் டஃப் ஹோல்புரூக் என்ற உயிரியலாளர், நீர்ப்பறவைகளைப் பிடிக்கப் பயன்பட்ட பீரங்கி வலையை வான்கோழிக்குப் பயன்படுத்தினார். மக்காச்சோளம் தூவிய இடத்தருகே வலையை மடித்து மறைத்து, அதன் முன்விளிம்பைச் சிறு பீரங்கிகளின் எறிகுண்டுகளோடு கட்டிவைப்பார்கள். பறவைகள் தலைகுனிந்து தின்னும் நொடியில் மறைவிலிருந்து மின்விசையை அழுத்தினால் வலை கூட்டத்தின் மேல் பாய்ந்து விழும்.

மிசூரி 1954-இல் இம்முறையைத் தொடங்கியது. பறவைகள் கிடைத்த முக்கிய இடங்களுள் ஒன்று பெக் ராஞ்ச். இரும்பு உலைக்குக் கரி சுடுவதற்காகச் சிகாகோ வணிகர் ஒருவர் வாங்கிப்போட்டிருந்த அந்நிலத்தை மாநிலம் 1945-இல் வான்கோழிக்கென்றே வாங்கியது. 1979-க்குள் 2,600-க்கும் மேற்பட்ட பறவைகள் மாநிலத்தின் பல பகுதிகளில் குடியேற்றப்பட்டன. பிற மாநிலங்களுக்கும் பறவைகள் பண்டமாற்றாகச் சென்றன. கென்டக்கி நீர்நாய்களைக் கொடுத்து வான்கோழி வாங்கியது.

1960-இல் 14 கவுண்டிகளில் 3 நாட்களுக்கு மட்டும் வேட்டை திறக்கப்பட்டது. கிடைத்தவை 94 பறவைகள்.

நிலமும் பணமும்

வெட்டித் தீர்க்கப்பட்ட காட்டை யாரும் விரும்பாததே பின்னால் பொதுமக்களுக்கு வாய்ப்பாயிற்று. கிழக்குப் பகுதிகளில் மைய அரசு காட்டு நிலம் வாங்க 1911-ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டம் வழி திறந்தது. பெருமந்தக் காலமான 1930-களில் ஓசார்க் குன்றுகள் மலிவாக வாங்கப்பட்டன. 1939-இல் நிறுவப்பட்ட மார்க் ட்வைன் தேசியக் காடு இன்று சுமார் 15 லட்சம் ஏக்கர். இங்கே மாநில விதிகளுக்குட்பட்டு உரிமம் பெற்ற எவரும் வேட்டையாடலாம். நிலவுடைமையாளரிடம் கேட்க வேண்டியதில்லை. தேசியப் பூங்காக்களில் பொதுவாக வேட்டைக்கு இடமில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் உண்டு.

பணம் வந்த வழி 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான 11 விழுக்காடு கலால் வரி மாநிலங்களின் வனவுயிர்ப் பணிகளுக்குத் திருப்பப்பட்டது. உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்கு எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. மிசூரி இதோடு நிற்கவில்லை. 1976-இல் வாக்கெடுப்பின் மூலம் விற்பனை வரியில் ஒரு விழுக்காட்டின் எட்டில் ஒரு பங்கை வனவுயிர்க் காப்புக்கு ஒதுக்கியது. எனவே துப்பாக்கியைத் தொட்டேயிராத ஒருவர் கடையில் காலணி வாங்கும்போதும் வான்கோழிக்குப் பங்களிக்கிறார்.

மூன்றாவது வாரம்

பருவ இறுதியில் காடு மாறிவிடுகிறது. இலைகள் அடர்ந்துவிடுவதால் பார்வை குறுகும். தொலைவிலிருந்து வரும் கூவல் அமுங்கிக் கேட்கும். இரண்டு வாரமாக எல்லா வகை அழைப்பையும் கேட்ட சேவல்கள் எளிதில் ஏமாறுவதில்லை. ஆனால் பெட்டைகள் அடைகாக்கப் போய்விடுவதால், விடியலில் பேசாத சேவல் காலை 9 மணிக்குமேல் தனியாக அலைந்து திடீரெனப் பதில் கொடுப்பதுண்டு. பிள்ளைகளை நள்ளிரவில் எழுப்ப விரும்பாத குடும்பத்துக்கு இது பெரிய வசதி. பொது நிலத்தில் பிற்பகல் 1 மணிக்கு வேட்டை முடிந்துவிடும் என்பதால், திட்டமே இந்த நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான் அமைகிறது.

பருவத்துக்கு இரண்டு பறவைகள் என்ற வரம்பும், முதல் வாரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது என்ற விதியும் கடைசி வாரத்துக்குப் பறவைகளை மிச்சம் வைக்க உதவுகின்றன. தீனி தூவிய இடத்தில் சுடுவது குற்றம். சுட்ட பறவையை அன்றிரவு 10 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். 6 முதல் 15 வயதுச் சிறுவர்களுக்குப் பருவத்துக்கு முன்பே தனியாக இரண்டு நாட்கள் உண்டு. பாதுகாப்புப் பயிற்சி பெறாத சிறுவர் உரிமமுள்ள பெரியவரின் அருகிலேயே இருக்க வேண்டும்.

பொது நிலத்தின் உண்மையான ஆபத்து பாம்போ உண்ணியோ அல்ல, இன்னொரு வேட்டைக்காரர். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். ஆகவே அந்நிறங்களில் கைக்குட்டைகூடக் கொண்டுபோவதில்லை. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்வதும், கூவலை நோக்கித் தவழ்ந்து செல்லாமலிருப்பதும், பார்வைப் பறவையை, அதாவது போலிப் பறவையை, வெளியே தெரியும்படித் தூக்கிச் செல்லாமலிருப்பதும் பயிற்சியில் முதலில் சொல்லப்படுபவை. வேறொருவர் அருகே வருவது தெரிந்தால் கையசைக்கக் கூடாது, வாய்விட்டுப் பேச வேண்டும்.

சில ஆண்டுகளில் பருவத்தின் கடைசி ஞாயிறு அன்னையர் தினத்தில் விழுவதுண்டு. 2025-இல் அப்படித்தான் விழுந்தது. அந்த வீடுகளில் பயணத் திட்டம் யார் ஒப்புதலுக்குக் காத்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேதித் தகராறு

மிசூரியின் வசந்தகால வேட்டையில் 2004-இல் சுமார் 60,000 பறவைகள் கிடைத்தன. அந்த உச்சத்துக்குப் பின் எண்ணிக்கை இறங்கியது. தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் இதே நிலை. குளிர்ந்த மழையால் குஞ்சுகள் இறப்பது, கூடமைக்க ஏற்ற புல்வெளிகள் குறைவது, ரக்கூன் போன்ற முட்டைத் திருடர்கள் பெருகுவது எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. வேட்டை சீக்கிரம் தொடங்குவதால் முதன்மைச் சேவல்கள் இணைசேரும் முன்பே விழுகின்றன என்பது ஆய்வாளர்கள் சிலரின் வாதம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் இவர்களில் முக்கியமானவர்.

இவ்வாதத்தை ஏற்று, டென்னசி 2023-இல் பருவத் தொடக்கத்தை ஏப்ரல் நடுப்பகுதிக்குத் தள்ளி, வரம்பை இரண்டாகக் குறைத்தது. ஆனால் அதே மாநிலத்தில் சில கவுண்டிகளில் முன்னரே தொடக்கத்தைத் தள்ளிவைத்து நடத்திய கள ஆய்வில் கூடுகளின் வெற்றி குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வாதம் தவறென்று இதைக் கொண்டே முடிவு செய்ய முடியாது. வாழிடம் சீர்கெட்டிருக்கையில் நாட்காட்டியை மட்டும் திருத்துவதன் பயன் எவ்வளவு என்ற கேள்வியை அது எழுப்பியது.

மிசூரியின் தேதிகள் ஏற்கெனவே தெற்கு மாநிலங்களைவிடப் பிந்தியவை. இன்னும் இரண்டு வாரம் தள்ளினால் கடைசி வாரம் மே மாத இறுதிக்குப் போகும். பள்ளி விடுமுறை நெருங்கும் என்பதால் சில குடும்பங்கள் அதை வரவேற்கலாம். ஆனால் அப்போது கூடுகளில் முட்டை பொரியத் தொடங்கியிருக்கும். சேவல்களின் கூவலும் ஓய்ந்துகொண்டிருக்கும்.